இரண்டு கன்னத்திலும் வலை

மார்ச் 1, புதன்

காற்று இல்லை. கடல் அசையாமல் கிடக்கிறது. திருநீற்றுப் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல், அப்படியே கரைக்கு.

வழக்கம்போல இன்றோடு வெற்றிலை நிறுத்தம். திரேசம்மா வெற்றிலைத் தட்டத்தைக் கழுவித் துடைத்து அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். உயிர்ப்புத் திருநாள் வரை அது அங்கேதான். கலியாணம் முடித்த நாளில் இருந்து ஒவ்வொரு தவக்காலமும் இப்படி. முதல் சில நாட்களுக்கு நான் மனிதரோடு சேர்த்தி இல்லை என்பது அவளுடைய கருத்து.

கரையில் எனக்குக் கைத்துணையாக நிற்கும் பிலேந்திரன் இம்முறை சாராயத்தை விட்டிருக்கிறானாம். வெற்றிலையை விடவில்லை. வாய் நிறையக் குதப்பிக்கொண்டு வந்து, "அண்ணை, ஆண்டவருக்கு ஒண்டு விட்டாக் காணும்" என்கிறான்.

வாய் எரிவு போன மார்கழி நத்தாரோடு தொடங்கியது, இன்னும் போன பாடில்லை. மதியம் சம்பலை வைத்ததும் கண்ணில் தண்ணீர். சுண்ணாம்பு கூடி வாய் வெந்திருக்கும். வெற்றிலையை விட்டால் தானாக ஆறும். தவக்காலம் நல்ல நேரத்தில் வந்திருக்கிறது.

வாங்க: சவர்க்காரம், டோர்ச் பற்றரி, திரேசம்மாவின் செருப்புக்கு வார்.

மார்ச் 4, சனி

பாரை மீன் நல்ல பாடு. எனக்குக் கெட்ட நாள்.

எத்தனையோ வருடமாகத் தாழ்வுபாட்டுக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவன் நான். ஒலிபெருக்கி ஒன்றும் கிடையாது. நான் "ஒருதரம்" என்றால் கோயிலடியில் நிற்பவனும் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட வாய் இன்று பாதியில் நின்றது. நாக்குக் கன்னத்தில் உரசும் இடமெல்லாம் நெருப்பு. ஒருதரம் வந்தது, இரண்டுதரம் வந்தது, மூன்றாவது வரவேயில்லை. பாரைக் குவியலுக்கு முன்னால் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அடம்பனில் இருந்து மோட்டார் சைக்கிளில் வரும் வியாபாரி ரஞ்சனுக்குச் சிரிப்பு.

"என்ன அண்ணை, இண்டைக்குச் சும்மா தரப்போறியளோ?"

மீதியைப் பிலேந்திரன் கூறி முடித்தான். நன்றாகத்தான் கூறினான், நாசமாய்ப் போக. குரல் கீச்சு, ஆனால் வேகம் இருக்கிறது. மீனவர் சங்கத் தலைவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றதையும் பார்த்தேன்.

மணிக்கட்டில் அரிப்பும் கூடிவிட்டது. வலையில் ஒட்டி வரும் கொழகொழத்த கடற்சொறி பட்டிருக்க வேண்டும். சுண்ணாம்பு தடவிச் சட்டைக்கையை இறக்கிவிட்டேன்.

மார்ச் 6, திங்கள்

வெயில். இன்று செய்த ஒரே வேலை: டோர்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் வாயைத் திறந்து பார்த்தது.

வலது கன்னத்தின் உட்புறம் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருக்கிறது. நூலும் நூலும் சேர்ந்து கண் கண்ணாக, சிறு வலை விரித்த மாதிரி. இடது கன்னத்திலும் அதே வலை. அங்கே நடுவில் தோல் உரிந்து இரத்தச் சிவப்பு. துணியால் தேய்த்துப் பார்த்தேன். வெள்ளை போகவில்லை, நோவுதான் வந்தது.

பெரியப்பா வாயில் புண்ணோடு போனவர். கடைசிக் காலத்தில் தண்ணீர் கேட்பதற்கும் அவருக்குக் கைதான். எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லப் போவதில்லை, இங்கேயாவது எழுதுகிறேன். சாவுக்குப் பயம். அதைவிட, நாக்கை வெட்டி ஊமையாக உட்காரவைத்துவிடுவார்களோ என்று பெரிய பயம். நான் வாய் மட்டும்தான். மற்றதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிற உடம்பு.

திரேசம்மா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. கண்ணாடியில் அவள் முகம்.

"ஆவெண்டுங்கோ."

பார்த்தாள். குசினிக்குப் போய்ச் சட்டி பானை எல்லாவற்றையும் கழுவினாள், காலையில் கழுவி வைத்தவற்றையும் சேர்த்து. பிறகு வந்து, "புதன்கிழமை பல் கிளினிக். நானும் வாறன். கதை வேண்டாம்" என்றாள்.

மார்ச் 8, புதன்

கா. 7 பஸ். ஆசுபத்திரியில் நீள வரிசை. வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் தன் கடைவாய்ப் பல்லின் வரலாற்றை முழுதாகச் சொன்னார். வேறு நாளென்றால் நானும் விட்டிருக்க மாட்டேன்.

பல் டொக்டர் சின்னப் பிள்ளை. ஆள் சிறிது, குரல் பெரிது. எனக்குப் பிடித்துக்கொண்டது.

"ஐயா, வெத்திலை போடுறனீங்களோ?"

"இல்லை."

"புகையிலை, சுருட்டு?"

"இல்லை."

எழுதிக்கொண்டார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி லைற்றை அடித்தார். லைற்றை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"பல்லெல்லாம் காவி ஏறிக் கிடக்கு. வெத்திலை போடுறேல்லை எண்டு சொல்லுறியள்."

"போடுறேல்லைத்தான் பிள்ளை. போன புதன்கிழமையிலயிருந்து."

திரேசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "டொக்டர், அவர் பொய் சொல்லேல்லை. இது தவக்காலம். தவக்காலத்திலை கேட்டா எங்கட ஊர் ஆம்பிளையள் எல்லாரும் இல்லையெண்டுதான் சொல்லுவினம். உயிர்ப்பு முடியக் கேட்டுப் பாருங்கோ, அப்ப தெரியும்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஐயோ. இந்தக் கிழமை தாழ்வுபாட்டிலயிருந்து வந்த எல்லாரும் இல்லையெண்டவை. நானும் நல்ல ஊரெண்டு நினைச்சு எழுதி வைச்சிருக்கிறன்."

சத்தியமாக நான் ஏமாற்ற நினைக்கவில்லை. கேட்டது ஒறுத்தல் காலத்தில். பதில் சொன்னதும் ஒறுத்தல் காலத்துக்கு.

அடுத்த கேள்வி. "எந்தக் கன்னத்திலை அடக்குறனீங்கள்?"

"இடது. எப்பவும் இடது."

"அப்ப வலதிலை ஏன் வந்தது?" தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "வெத்திலையாலை வாற வெள்ளை அநேகமா அடக்குற பக்கத்திலைதான் வரும். இது ரெண்டு கன்னத்திலயும் ஒரே மாதிரி வலை போட்டிருக்கு. ஐயா, உடம்பிலை வேறெங்கயாவது அரிப்பு, தடிப்பு?"

"இல்லை" என்றேன். மீன் கரையில் நிற்கிறவனுக்கு அரிப்பெல்லாம் ஒரு வருத்தமா?

திரேசம்மா என் சட்டைக்கையைப் பிடித்து முழங்கை வரை இழுத்துவிட்டாள். மணிக்கட்டின் உட்புறம் ஊதா நிறத்தில் சின்னச் சின்னத் தடிப்புகள், மேலே காய்ந்த சுண்ணாம்பு.

"அது கடற்சொறி பட்டது" என்றேன்.

"எப்ப?"

"நத்தாருக்கு."

"நத்தாருக்குப் பட்ட சொறி இன்னும் கிடக்குமோ ஐயா?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் கரையில் யாருக்கு என்ன அரிப்பு வந்தாலும் கடற்சொறிதான். சுண்ணாம்பு பூசுவோம், மறந்துவிடுவோம். வாய்க்கு ஒரு காரணம், கைக்கு ஒரு காரணம் என்று இரண்டையும் இரண்டு பெட்டியில் போட்டு மூடியிருந்தேன். இந்தப் பிள்ளை இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது.

மணிக்கட்டை லைற்றுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, உடனே மறைத்தும்கொண்டார். "எனக்கு ஒரு நினைப்பு இருக்கு. ஆனா இப்ப சொல்லமாட்டன். அந்தச் சிவந்த இடத்திலை சின்னத் துண்டு வெட்டி அனுப்போணும். கான்சர் இல்லையெண்டு கண்ணாலை பாத்துச் சொல்லேலாது."

அந்தச் சொல் வந்தேவிட்டது. திரேசம்மா சட்டைக்கையைப் பிடித்த பிடியை பஸ் ஏறும் வரை விடவில்லை.

மார்ச் 10, வெள்ளி

வெட்டியாயிற்று. விறைப்பூசி, கத்தரிக்கோல் சத்தம், இரண்டு தையல். துண்டு ஒரு சின்னப் போத்தலுக்குள். நெத்தலிக் கண் அளவு இருக்கும். அது சொல்லப்போவதைத்தான் இனி நாங்கள் எல்லோரும் காத்திருந்து கேட்க வேண்டும்.

பின்னேரம் சிலுவைப்பாதை. முழந்தாளில் நின்று வாய் திறக்காமல் செபித்தேன். பாட்டில் என் குரல் இல்லாததால் முன்வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக என் குரல் கூடுதல் என்று திரும்பிப் பார்க்கிறவர்கள்.

கஞ்சி. கஞ்சி. மறுபடியும் கஞ்சி.

மார்ச் 12, ஞாயிறு

ஊருக்குத் தெரிந்துவிட்டது. பூசை முடிந்ததும் வீடு நிறைய ஆட்கள். கொண்டுவந்தவை: அப்பிள், முந்திரிகைப்பழம், பால்மா, பிஸ்கட், இளநீர், ஒரு செபமாலை, ஒரு போத்தல் தீர்த்தம், இன்னும் அப்பிள். கடிக்க முடியாதவனுக்கு இத்தனை அப்பிளா?

படலையடியில் இரண்டு பெண்கள்:

"முகம் வடிஞ்சு போச்சு, கண்டனியே?"

"ஓம். எங்கட மாமாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது."

உள்ளே நான் உயிரோடுதான் இருக்கிறேன். காதும் நன்றாகக் கேட்கிறது.

பிலேந்திரன் வந்தான். படலைக்கு வெளியே வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்திருக்கிறான், மரியாதைக்கு. கதிரையின் நுனியில் இருந்தான். "அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. கரையை நான் பாத்துக்கொள்ளுறன்."

என் யோசனையே அதுதான், மடையா.

மார்ச் 16, வியாழன்

இலுப்பைக்கடவையில் இருந்து மைத்துனர் போன். அங்கே ஒருவர் மூலிகை எண்ணெய் தருகிறாராம், வாயில் விட்டுக் கொப்பளித்தால் எந்தப் புற்றும் ஓடிவிடுமாம். திரேசம்மா போனை வாங்கி, "முதல்லை என்ன வருத்தமெண்டு தெரியட்டும், பிறகு ஓடவிடுவம்" என்று வைத்துவிட்டாள். இந்த மனுசியை எனக்குக் கட்டிவைத்த என் தாய்க்கு ஆண்டவர் மோட்சத்தில் நல்ல இடம் கொடுக்கட்டும்.

கரைக்குப் போனேன். தள்ளி, மீன் வாடிக்குப் பக்கத்தில் நின்றேன். பிலேந்திரனுடைய கீச்சுக் குரல். சீலாவையும் சூடையையும் ஒரே தாளத்தில் கூறுகிறான். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு தாளம் வேண்டாமா? ரஞ்சன் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணை, உயிர்ப்புக்குப் பிறகு இவரையே நிரந்தரமாப் போடப்போறினமாம். சங்கத்திலை கதை. எனக்கு விருப்பமில்லை, சொல்லிப்போட்டன்."

வீட்டுக்கு வந்தேன். கோபம். யாரில் என்று தெரியாத கோபம். கோழியைக் கல்லால் எறிந்தேன். படவில்லை. அதற்கும் கோபம்.

மார்ச் 23, வியாழன்

இல்லை.

இல்லை, இல்லை, இல்லை! கான்சர் இல்லை!

எழுத்துக் கோணுகிறது, பரவாயில்லை. ஒழுங்காக எழுத வேண்டும். மறக்கக் கூடாது.

கதவைத் திறந்ததும் டொக்டர் எழும்பி நின்றார். டொக்டர்மார் எழும்பி நின்றால் கெட்ட செய்தி என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவரோ பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறார். "ஐயா, நான் நினைச்சது சரி. இது கான்சர் இல்லை."

அதன் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கினேன்: லைக்கன் பிளானஸ். பழைய லத்தீன் பூசையில் வருகிற பெயர் போல இருக்கிறது. அவர் சொன்னது, நினைவில் உள்ளபடி:

"எல்லாற்ர உடம்பிலயும் கிருமியோட சண்டை பிடிக்கிறதுக்குக் காவல்காரர் இருக்கினம். உங்கட காவல்காரர் ஆள் மாறி உங்கட சொந்தத் தோலையே அடிச்சிருக்கினம். வாயிலையும் அவைதான், மணிக்கட்டிலையும் அவைதான். ரெண்டும் ஒரே வருத்தம். ஆருக்கும் தொத்தாது. சில பேருக்கு வாய்ப்புண்ணுக்குப் பின்னாலை வேற வேற வருத்தம் ஒளிச்சிருக்கும், வாய்தான் முதல் சொல்லும். அதாலதான் வாயைப் பாக்கேக்கை நாங்கள் ஆளை முழுக்கப் பாக்கிறது."

"மாறுமோ பிள்ளை?"

"அடக்கி வைக்கலாம். மாத்திரையை இளஞ்சூட்டுத் தண்ணியிலை கரைச்சுக் கொப்பளிச்சுத் துப்போணும், விழுங்கக் கூடாது. கைக்குக் களிம்பு. ஆனா ஒண்டு. இது இப்ப கான்சர் இல்லை. கொஞ்சப் பேருக்கு, வருசக் கணக்கிலை, கான்சரா மாறவும் கூடும். அதாலை வெத்திலை, பாக்கு, புகையிலை ஒண்டும் இனி வேண்டாம். சொல்லுற நேரமெல்லாம் வந்து வாயைக் காட்டோணும். வாழ்நாள் முழுக்க."

வாழ்நாள் முழுக்க! நேற்று வரை எனக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது. அதற்கு இன்றைக்கு ஒரு நிபந்தனையோடு உறுதி கொடுக்கிறார்கள். காட்டுகிறேன், பிள்ளை. தினமும் வரச் சொன்னாலும் வருகிறேன்.

பஸ்ஸில் திரேசம்மா அழுதாள். இத்தனை நாளில் முதல்முறை. கொண்டக்டர் பயந்து, "என்னம்மா, ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டான். அவள் என்னைக் காட்டி, "இவர் சாகேல்லை" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன், எரிவோடு.

மார்ச் 24, வெள்ளி

ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. சந்தியோகுவுக்குக் கான்சர் இல்லை என்று சந்தியோகுவே வீடு வீடாகப் போய்ச் சொன்னான். சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் போலவும் இருந்தது, அப்பிள் வாங்கிய செலவு வேறு.

பெயரைச் சொன்னால் யாருக்கும் வாயில் நுழையவில்லை. "காவல்காரன் ஆள் மாறி அடிச்ச வருத்தம்" என்றதும் எல்லோருக்கும் விளங்கியது. சண்டைக் காலம் கண்ட இந்த ஊரில் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

எரிவு பாதிக்கு மேல் போய்விட்டது. இன்று சோறும் சொதியும், ஒரு துண்டு விளைமீன், உறைப்பில்லாமல். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். திரேசம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை. தின்னுங்கோ."

வெற்றிலை ஆசை: காலையில் கொல்லும், மதியத்துக்குப் பிறகு ஒருவாறு அடங்கும். ஏலக்காயை வாயில் போட்டுப் பார்த்தேன். சும்மா போகச் சொல்லு.

ஏப்ரல் 6, வியாழன்

கிளினிக். சிவப்பு ஆறிவிட்டது. வலை மங்கலாக இருக்கிறது. டொக்டருக்குச் சந்தோசம். ஆனால் ஒரு மனக்குறை சொன்னார்: கரை ஊர்களில் வாய்ப் பரிசோதனை வைத்தால் ஆட்கள் வருவதில்லை, வருகிறவர்களும் உண்மை சொல்வதில்லை. நோவில்லாத வெள்ளையோடு திரிவார்கள், புண்ணாகி வீங்கிய பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். "நேரத்தோட வந்தா சின்னத் துண்டு வெட்டுறதோட முடிஞ்சிடும் ஐயா. பிந்தி வாறவையின்ர முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமல் கிடக்கு." சொல்லும்போது குரல் சிறுத்துவிட்டது.

"கரைக்கே வாங்கோ பிள்ளை" என்றேன். "ஆக்களை நான் சேத்துத் தாறன். ஆனா உயிர்ப்பு முடிய வாங்கோ. அப்பதான் எங்கட ஆக்களிட்டயிருந்து உண்மை வரும்."

ஏப்ரல் 14, வெள்ளி

பெரிய வெள்ளி. வருடப்பிறப்பும் இதே நாளில். அடம்பனில் பொங்கல், வெடி. இங்கே உபவாசம், கருப்புச் சேலைகள். ரஞ்சன் வீட்டில் இருந்து முறுக்கும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து படலையடியில் தயங்கி நின்றான். "இண்டைக்குச் சாப்பிடமாட்டியள் எண்டு தெரியும். ஞாயிறு மட்டும் வைச்சிருங்கோ." உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தோம்.

ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. திங்கள் பின்னேரம் போய்ச் செவ்வாய் விடியத்தான் வருவார்கள். சங்கத் தலைவர் கோயில் வாசலில் என்னைப் பிடித்து, "வாய் எப்பிடி?" என்றார். "செவ்வாய்க்கிழமை கேட்டுப் பாருங்கோ" என்றேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

உயிர்ப்பு. அல்லேலூயாவை முழுக் குரலில் பாடினேன். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கோயில் முற்றத்திலேயே ஆண்கள் வெற்றிலையைத் திறந்துவிட்டார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் கால் தானாக அந்தப் பக்கம் போனது. எல்லோருக்கும் தவக்காலம் முடிந்தது, எனக்கு மட்டும் இனி முடியாது. நின்றேன். திரும்பினேன். வீட்டுக்கு வந்து ரஞ்சனின் முறுக்கைக் கடித்தேன். கடக்கென்று உடைந்தது, நோவே இல்லை! இன்னொன்று. இன்னொன்று. திரேசம்மா தட்டைப் பறித்துவிட்டாள்.

ஏப்ரல் 18, செவ்வாய்

விடிவெள்ளி வானத்தில் இருக்கும்போதே கரையில். படகுகள் தாழ்ந்து வருகின்றன, அத்தனை மீன். பாரை, சீலா, கணவாய், ஒரு பெரிய திருக்கை. வியாபாரிகள் வட்டமாக. தலைவர் என்னையும் பிலேந்திரனையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிலேந்திரன் முன்னால் ஒரு அடி வைத்தான்.

நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினேன். வாயைத் திறந்தேன்.

வந்தது! முழுக் குரலும் அப்படியே வந்தது. பாரைக்குப் பாரைத் தாளம், சீலாவுக்குச் சீலாத் தாளம். ரஞ்சன் விலையை ஏற்ற, மற்றவன் ஏற்ற, அவனைச் சீண்ட, இவனை உசுப்ப. மூன்றாந்தரம் சொன்னபோது தண்ணீருக்குள் நின்றவர்கள் கைதட்டினார்கள். மீன் ஏலத்துக்கு யாராவது கைதட்டுவதுண்டா? எனக்குத் தட்டினார்கள். சந்தோசத்தில் திருக்கையை இரண்டுமுறை கூறப் பார்த்தேன்.

தலைவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அதோடு அந்தக் கதை முடிந்தது. பிலேந்திரன் ஒரு பக்கமாக நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று எழுதினால் பொய்.

ஏப்ரல் 22, சனி

டொக்டர் பிள்ளை சொன்னபடி வந்தார். வாடிக்குப் பக்கத்தில் நிழலில் ஒரு கதிரை, ஒரு மேசை, கையுறைப் பெட்டி, லைற். ஆட்கள் நிறைய. எல்லோரும் தள்ளி நின்று வேடிக்கை. கதிரை வெறுமையாக. ஒருவனுக்கு வலை வேலையாம், ஒருவனுக்குப் பல் சுத்தமில்லையாம், ஒருவனுக்கு மனைவி கூப்பிடுகிறாளாம். டொக்டர் முகம் வாடத் தொடங்கியது. என் சொல்லை நம்பி வந்த பிள்ளை.

பெட்டியைக் கவிழ்த்து ஏறினேன்.

"முதல் கதிரை! நல்ல கதிரை! ஊசி இல்லை, வெட்டு இல்லை, வாயைத் திறந்தாக் காணும்! ஆருக்கு? ஒருதரம்!"

சிரிப்பு.

"எனக்குக் கான்சர் எண்டு அப்பிள் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்! இப்ப உங்கட வாயைக் காட்டப் பயமோ? ரெண்டுதரம்!"

சிரிப்பு அடங்கியது. யாரும் அசையவில்லை. மூன்றாந்தரம் சொல்ல மூச்சை இழுத்தேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிலேந்திரன் வந்தான். வெற்றிலையைத் துப்பினான், கடல் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தான், கதிரையில் இருந்தான். "எனக்குத்தான் விழுந்தது" என்றான்.

"வெத்திலை போடுறனீங்களோ?"

"ஓம் டொக்டர். புகையிலையும். தவக்காலத்திலையும்."

டொக்டர் நீண்ட நேரம் பார்த்தார். துணியால் தேய்த்தார். திரும்பத் தேய்த்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அந்தக் கதிரையில் நான் இருந்திருக்கிறேன்.

இடது கன்னம், வெற்றிலை அடக்கும் இடம். ஒரு பக்கம் மட்டும். தடித்த வெள்ளை. வலையில்லை. வியாழக்கிழமை வரட்டுமாம், முழுதாக வெட்டி எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

அவன் எழும்பிப் போனதும் மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். ஆண்கள், பெண்கள், தலைவர், திரேசம்மாகூட. வெயில் சாயும் வரை வரிசை. நான் பிலேந்திரனைத் தேடிப் போனேன். படகுக்குப் பின்னால் குந்தியிருந்தான். இப்போது இரக்கம் வந்தது, முழுவதுமாக வந்தது.

"வியாழக்கிழமை ஏழு மணி பஸ்" என்றேன். "நானும் வாறன். கதை வேண்டாம்."

மே 12, வெள்ளி

சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. கண்ணெல்லாம் மணல். பிலேந்திரனுடைய பரிசோதனை முடிவு வந்தது.

கான்சராக மாறத் தொடங்கியிருந்ததாம். தொடக்கம் மட்டும். வெட்டிய துண்டின் ஓரமெல்லாம் சுத்தம், உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. வெற்றிலை இனி இல்லை, என்னைப் போலவே வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "இன்னும் ஒரு வருசம் பிந்தியிருந்தா நான் இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு கதைக்கமாட்டன்" என்றார் டொக்டர். அவனுக்கு முன்னால் நான்தான் அழுதுவிட்டேன், வெட்கம் கெட்டவன்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தான். பாதி வழியில் சொன்னான்:

"அண்ணை, உங்களுக்கு வருத்தமெண்டு கேள்விப்பட்ட அண்டைக்குக் கோயிலிலை ரெண்டு மெழுகுதிரி கொளுத்தினனான்."

"நல்லது. எனக்காகவோ?"

"ஒண்டு உங்களுக்குச் சுகம் வரோணுமெண்டு." கன்னத்தைத் தடவினான். "மற்றது, கூறுற வேலை எனக்குக் கிடைக்கோணுமெண்டு."

பஸ் குலுங்கச் சிரித்தேன். அவனும் சிரித்தான், கன்னத்தைப் பொத்திக்கொண்டு. சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

நாளைக்குச் சூடையை அவன் கூறட்டும். கணவாயையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். பாரையை விடமாட்டேன்.